திருவாரூர் தியாகேசரை முறையாக வழிபடுவது எப்படி: குளக்கரையிலிருந்து பாத தரிசனம் வரை

திருவாரூர்க் கோயிலுக்கு முற்பகல் பதினொன்றரை மணிக்கு வந்து, தியாகராஜரின் திருமுகத்தைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு கணம் பார்த்து, நடை சாத்துவதற்குள் வெளியே வந்துவிடுகிறவர்கள் ஏராளம். அடுத்த ஊர், அடுத்த கோயில் என்று அவர்களுக்கு அவசரம். தரிசனம் ஆகிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆரூரை அவர்கள் பார்க்கவில்லை.

இந்தத் தலத்துக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. அடியார்களை முதலில் வணங்கி, பிறகு ஆண்டவனிடம் செல்வதுதான் அந்த வரிசை. இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. விறன்மிண்ட நாயனார் இந்தக் கோயிலுக்குள்ளேயே நின்று சுந்தரருக்கும் சிவபெருமானுக்கும் சேர்த்து விதித்த நிபந்தனை அது. அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன்.

1. நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே ஊருக்கு வந்துவிடுங்கள். கோயில் பொதுவாகக் காலை 6 மணி முதல் 12 மணி வரையும் மாலை 4 மணி முதல் 9 மணி வரையும் திறந்திருக்கும். விழா நாட்களில் இது மாறும். தஞ்சாவூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் பஸ்ஸும் ரயிலும் உண்டு.

மாலை ஏன் என்றால், ஆரூரில் சாயரட்சை என்னும் மாலைப் பூஜைதான் உயிர். தில்லையில் அர்த்தஜாம பூஜையைக் காண்பது எவ்வளவு விசேஷமோ, ஆரூரில் சாயரட்சை அவ்வளவு விசேஷம். முப்பத்து முக்கோடி தேவர்களும் அந்த வேளையில் இங்கே வந்து வணங்குவதாக ஐதீகம். குளக்கரை, வீதி, மண்டபம், சன்னதி என்று நடந்துவர இரண்டு மணி நேரமாவது ஆகும். நான்கு மணிக்கு உள்ளே நுழைந்தால்தான் ஆறு மணி பூஜைக்குத் தியாகேசர் முன் நிற்க முடியும்.

2. இரண்டு கதைகளைத் தெரிந்துகொண்டு வாருங்கள்

இங்கே மூலவர் வேறு, தியாகராஜர் வேறு. முதன்முறை வருகிறவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான்.

மூலவர் வன்மீகநாதர். தேவாரம் புற்றிடங்கொண்டார் என்று அழைக்கும் பெருமான். தேவர்கள் செய்த வேள்வியில் முதன்மை பெற்ற திருமால், அந்தப் பெருமிதத்தில் வில்லை ஊன்றி நாணில் தலை சாய்த்து நின்றிருந்தார். தேவர்கள் செல்லாக, அதாவது கறையானாக, மாறிப் புற்றெழுப்பி நாணை அரிக்க, அது அறுந்த வேகத்தில் அவர் தலை துண்டானது. அந்தப் புற்றில் இறைவன் லிங்கமாக எழுந்து அருள்செய்தார் என்பது தலபுராணம். பஞ்சபூதத் தலங்களில் ஆரூரை மண்ணுக்கு உரியதாகச் சொல்லும் மரபும் இந்தப் புற்றோடு சேர்ந்ததுதான்.

தியாகராஜர் சோமாஸ்கந்த வடிவம். சிவன், உமை, நடுவில் குழந்தை முருகன். இந்தத் திருமேனியைத் திருமால் தம் மார்பில் வைத்துப் பூசித்து வந்தார். அவர் மூச்சு ஏறி இறங்க, மார்பில் இருந்த பெருமானும் ஏறி இறங்கினார். அந்த அசைவுதான் அஜபா நடனம். மந்திரத்தை வாயால் சொல்லாமல், மூச்சே மந்திரமாக ஓடுவதற்கு அஜபை என்று பெயர். தேர்த்திருவிழாவின்போது தியாகேசரைச் சுமந்து வருகிறவர்கள் மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக அசைந்து வருவதைப் பார்க்கும்போது, திருமாலின் அந்த மூச்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருமாலிடமிருந்து இந்தத் திருமேனி இந்திரனுக்குப் போனது. அசுரரோடு நடந்த போரில் இந்திரனுக்குத் துணை நின்றவன் முசுகுந்தச் சக்கரவர்த்தி. முற்பிறவியில் குரங்காக இருந்து, ஒரு சிவராத்திரி இரவில் தன்னை அறியாமல் வில்வ இலைகளைப் பறித்து இறைவன்மேல் போட்ட புண்ணியத்தால் அரசனாகப் பிறந்தவன். குரங்கு முகம் மட்டும் மாறவில்லை. அவனே கேட்டுப் பெற்றது அது. கைம்மாறாக என்ன வேண்டும் என்று இந்திரன் கேட்க, அந்தச் சோமாஸ்கந்தரைத் தா என்றான். கொடுக்க மனம் வராத இந்திரன், தேவதச்சனைக் கொண்டு அதேபோல் ஆறு வடிவங்களைச் செய்வித்து, ஏழையும் வரிசையாக வைத்து, ‘உன்னுடையதை எடுத்துக்கொள்’ என்றான். முசுகுந்தன் உண்மையான மூர்த்தியைச் சரியாகக் கண்டுகொண்டான். வெட்கமடைந்த இந்திரன் ஏழையும் கொடுத்துவிட்டான். அவை வைக்கப்பட்ட ஏழு ஊர்களே சப்தவிடங்கத் தலங்கள். தலைமை ஆரூர், இங்கே பெருமானுக்கு வீதிவிடங்கர் என்று பெயர்.

3. கமலாலயத்தில் தொடங்குங்கள்

கோயிலுக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது கமலாலயம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று ஆரூரின் அளவைச் சொல்வது பழைய வழக்கு. ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர் என்று கொண்டு கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். குளத்தின் நடுவே நாகநாதர் கோயில். படகில்தான் போக வேண்டும்.

படித்துறையில் இறங்கி நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். கரையில் சற்று நேரம் உட்காருங்கள். இந்தக் குளம் இரண்டு நாயன்மார்களின் வாழ்வோடு கலந்தது. பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகள், குளம் குறுகி வருவதைக் கண்டு பொறுக்காமல், தறி நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்ணை வெட்டி எடுத்துக் குளத்தை அகலப்படுத்தினார். ‘உனக்குக் கண்தான் இல்லை, காதுமா இல்லை’ என்று எதிர்த்தவர்கள் கயிற்றையும் மண்வெட்டியையும் பிடுங்கினார்கள். இறைவன் அருளால் அவருக்குப் பார்வை வந்தது. எதிர்த்தவர்கள் பார்வை இழந்தார்கள். கடவுளுக்குச் செய்யும் தொண்டென்று தூர்வாருதலைச் செய்த ஒருவரை நாயனாராக வைத்து வணங்கும் மரபு நம்முடையது. கமலாலயத்தில் ஒரு காகிதத்தைக்கூடப் போடாமல் திரும்புவதும் வழிபாடுதான்.

மற்றொருவர் சுந்தரர். முதுகுன்றம் என்ற விருத்தாசலத்தில் இறைவன் தந்த பொன்னை அங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்தார். எடுத்த பொன் மாற்றுக் குறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொன்னவர் குளக்கரையில் இருக்கும் மாற்றுரைத்த விநாயகர். நகை, பணம் சார்ந்த காரியங்களைத் தொடங்குவோர் இவரிடம் வேண்டிக்கொள்வது வழக்கம்.

4. வீதி வழியாகக் கிழக்குக் கோபுரத்துக்கு வாருங்கள்

மேற்குக் கோபுரம் குளத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. இருந்தாலும் அதன் வழியே நுழையாமல், தேரோடும் வீதியில் சுற்றிக் கிழக்கே வாருங்கள். வீதிவிடங்கரின் ஊரில் வீதியில் நடப்பதும் வழிபாட்டின் பகுதி. இந்த வீதியில்தான் சிவபெருமான் சுந்தரருக்காக நள்ளிரவில் இரண்டு முறை தூது நடந்தார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துவிட்டு வந்த சுந்தரருக்கு, ஆரூரில் இருந்த மனைவி பரவையார் கதவைத் திறக்கவில்லை. முதல் முறை அர்ச்சகர் வடிவில் போன பெருமானைப் பரவையார் மறுத்தனுப்பிவிட்டார். இரண்டாம் முறை தம் உண்மை வடிவில் போய் இசைவு பெற்று வந்தார். மண்ணில் கால் படாத பெருமான் அடியாருக்காக நடந்த வீதி என்றால், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றும்.

வடகிழக்கில் மனுநீதிச் சோழனின் கல்தேர் இருக்கிறது. தேர்க்காலில் கன்று, ஆராய்ச்சி மணியை அடிக்கும் பசு, மகனைத் தேர்க்காலில் கிடத்திய மன்னன். பள்ளிக்கூடத்தில் படித்த கதைதான். ஆனால் இந்தக் கோயிலிலேயே விக்கிரம சோழன் காலக் கல்வெட்டொன்று இந்தக் கதையைச் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

5. சன்னதிக்கு முன்பே தேவாசிரிய மண்டபம்

கிழக்குக் கோபுரத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் நேரே போவார்கள். நீங்கள் வலப்பக்கம் திரும்புங்கள். ஆயிரங்கால் மண்டபம் என்றும் அழைக்கப்படும் தேவாசிரிய மண்டபம் அங்கே இருக்கிறது. என் மனத்தில் ஆரூரின் கருவறை இதுதான்.

அடியார்கள் கூடியிருந்த இந்த மண்டபத்தைச் சுந்தரர் கடந்து போனார். ‘இவர்களுக்கெல்லாம் நான் அடியேனாகும் நாள் எந்நாளோ’ என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, ஒதுங்கியே போனார். வெளியில் இருந்து பார்த்த விறன்மிண்டருக்கு அது அலட்சியமாகத் தெரிந்தது. அடியாரை வணங்காத இவனும் நமக்குப் புறம்பு, இவனை ஆட்கொண்ட பெருமானும் நமக்குப் புறம்பு என்றார். கடவுளையே விலக்கி வைத்த அந்தச் சொல்லைக் கடவுள் ஏற்றுக்கொண்டார். சுந்தரரிடம், அடியாரைப் பாடு என்று சொல்லி, ‘தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்’ என்று முதலடியும் எடுத்துக் கொடுத்தார்.

அந்த முதலடிக்கு அடுத்த அடியில் வருகிறவர் யார் என்று பாருங்கள்: திருநீலகண்டத்துக் குயவனார். அந்தணருக்கு அடுத்த மூச்சிலேயே மண்பாண்டம் செய்கிறவர். தொடர்ந்து வேடர், வண்ணார், மீனவர், பாணர், அரசர் என்று எல்லோருக்கும் ‘அடியேன்’ என்று விழுந்து வணங்குகிறது திருத்தொண்டத்தொகை. பதினோரே பாடல்கள். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும் சேக்கிழாரின் பெரியபுராணமும் இங்கே விழுந்த வித்திலிருந்து முளைத்தவை.

வழிபடும் முறை எளிது. மண்டபத்தின் முன் விழுந்து வணங்குங்கள். திருத்தொண்டத்தொகை மனப்பாடம் என்றால் முழுவதும் சொல்லுங்கள். இல்லையென்றால் கைபேசியில் வைத்துப் படியுங்கள். பத்து நிமிடம் போதும். அண்ணாந்து பார்த்தால் முசுகுந்தன் கதையைச் சொல்லும் பழைய ஓவியங்கள் விதானத்தில் இருக்கின்றன, காட்சிகளுக்குக் கீழே தமிழில் குறிப்புகளுடன். மண்டபம் பூட்டியிருந்தால் கோயில் அலுவலகத்தில் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். ஓவியங்களைத் தொடவோ பளிச்சென்று விளக்கடித்துப் படமெடுக்கவோ வேண்டாம்.

6. அரநெறியில் ஒரு விளக்கு

கோயிலுக்குள் இருக்கும் தனிக்கோயில் ஆரூர் அரநெறி, அசலேஸ்வரர் சன்னதி. இதுவும் தேவாரப் பாடல் பெற்ற தலம். செம்பியன் மாதேவியார் இதைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுப்பித்தார்.

ஏமப்பேறூர் நமிநந்தி அடிகள் ஒரு மாலையில் இங்கே விளக்கேற்ற எண்ணி, அருகிலிருந்த வீட்டில் நெய் கேட்டார். அவ்வீட்டார் சமணர்கள். கையில் தீயை ஏந்திய கடவுளுக்கு விளக்கு எதற்கு, வேண்டுமானால் தண்ணீரை ஊற்றி எரியுங்கள் என்றார்கள். அடிகள் வருந்தி விழுந்தார். அசரீரி சொன்னபடி குளத்து நீரை முகந்து வந்து ஊற்ற, விளக்கு எரிந்தது. இரவு முழுவதும் எரிய வேண்டும் என்று எல்லா விளக்குகளிலும் அந்த நீரையே ஊற்றினார்.

இந்தச் சன்னதியில் ஒரு நெய்விளக்கு ஏற்றிவிட்டுப் போங்கள். பெரிய சன்னதிகளில் கூட்டம் மொய்க்கும் வேளையிலும் இங்கே அமைதியாக நிற்க இடம் கிடைக்கும்.

7. வன்மீகநாதர், பிறகு தியாகேசர்

உள்ளே மூலவர் வன்மீகநாதரை முதலில் வணங்குங்கள். அவருக்கு வலப்புறத்தில், அதே கிழக்கு நோக்கித் தியாகராஜர் சன்னதி. தியாகர் முன் இருக்கும் நந்தி நின்ற கோலத்தில் இருக்கும். சுந்தரருக்காகத் தூது புறப்பட்ட தலைவனுடன் செல்ல எழுந்து நின்றது என்று விளக்கம் சொல்வார்கள். நவக்கிரகங்களும் இங்கே வழக்கம்போல் ஒன்றுக்கொன்று முகம் திருப்பி நிற்கவில்லை. ஒரே வரிசையில் தியாகேசரை நோக்கி நிற்கின்றன. ஆரூரில் கிரகங்களுக்குத் தனியாகப் பரிகாரம் தேடி அலைய வேண்டாம் என்பதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

தியாகேசரின் திருமுகமும் அம்பிகையின் திருமுகமும் மட்டுமே தெரியும். மற்ற அங்கமெல்லாம் ஆடையாலும் பூவாலும் மறைந்திருக்கும். முழுத் திருமேனி என்றும் மறைபொருள். எட்டிப் பார்க்க முயல வேண்டாம். காட்டுகிற அளவு கண்டு நிற்பதுதான் இங்கே முறை. செங்கழுநீர் மாலை அவருக்கு உகந்தது.

தியாகேசரோடு சேர்ந்த மரகத லிங்கத்துக்கு வீதிவிடங்கர் என்றே பெயர். நாள்தோறும் அதற்குத்தான் அபிஷேகம் நடக்கும். அபிஷேக வேளையைக் குருக்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தியாகேசர் விமானத்துக்கு முதலாம் ராஜேந்திர சோழன் பொன் வேய்ந்தான். அவன் அணுக்கியார், அதாவது அந்தரங்கத் துணைவி, பரவை நங்கையின் விருப்பத்துக்கு இணங்கிச் செய்த திருப்பணி அது. இருவரும் நின்று வணங்கிய இடத்தில் விளக்கெரிய ஏற்பாடு செய்ததையும் கல்வெட்டு சொல்கிறது. கங்கையும் கடாரமும் கொண்ட அரசனும் ஒரு பெண்ணோடு சேர்ந்து கைகூப்பி நின்ற இடம் என்று ஊருக்கு நினைவிருக்கிறது.

8. சாயரட்சை

ஆறு மணிக்கு முன்பே இடம் பிடித்து நில்லுங்கள். அந்திக்காப்பு, தீபாராதனை, வாத்தியங்கள், தேவாரம் என்று பூஜை நிதானமாக நடக்கும். ஆரூருக்கே உரிய இரண்டு வாத்தியங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒன்று பஞ்சமுக வாத்தியம்: ஒரே குடத்திலிருந்து ஐந்து வாய்கள், ஐந்திலும் தோல். இறைவனின் ஐந்து முகங்களுக்கு ஐந்து. மற்றொன்று பாரி நாயனம் என்ற நாகஸ்வர வகை. இவற்றை வாசிப்பதற்குப் பரம்பரை உரிமை பெற்ற குடும்பங்கள் இங்கே இருந்துவந்திருக்கின்றன. வாசிக்கும் நாள் உங்களுக்கு வாய்த்தால், அது பேறு. கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

9. அம்பிகையர் இருவர், எமசண்டிகேசர்

தியாகேசரின் தேவி நீலோத்பலாம்பாள், தமிழில் அல்லியங்கோதை. அருகில் நிற்கும் தோழியின் தோளில் குழந்தை முருகன். தாயின் கை குழந்தையின் தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழந்தைக்காக வேண்டுகிறவர்கள் இங்கே நெடுநேரம் நிற்பார்கள்.

கமலாம்பாள் சன்னதி தனி. யோகத்தில் கால்மேல் கால் இட்டு அமர்ந்த கோலம். முத்துசுவாமி தீட்சிதரின் நவாவரண கீர்த்தனைகள் இந்த அம்பிகை மீதுதான். சங்கீத மும்மூர்த்திகளான சியாமா சாஸ்திரி, தியாகராஜர், தீட்சிதர் மூவரும் பிறந்த ஊர் இது. பாடத் தெரிந்தவர்கள் இந்தச் சன்னதியில் மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனை பாடுங்கள்.

சண்டிகேசருக்கு அருகே எமசண்டிகேசரையும் தேடி வணங்குங்கள். திருவாரூரில் பிறந்தாலே முத்தி என்பது வழக்கு. எல்லோரும் நேரே முத்தி அடைந்துவிட்டால் தனக்கு இங்கே என்ன வேலை என்று எமன் முறையிட, இறைவன் அவனுக்குச் சண்டிகேசர் பதவி தந்தாராம்.

10. பாத தரிசனமும் ஆழித்தேரும்

ஆண்டு முழுவதும் மறைந்திருக்கும் தியாகேசரின் திருப்பாதம் மார்கழித் திருவாதிரையில் ஒன்றும் பங்குனி உத்திரத்தில் மற்றொன்றும் தெரியும். இரவெல்லாம் அபிஷேகம் நடந்து, விடியலில் தரிசனம். முதல் நாள் மாலையே வந்து தங்கிவிடுவது நல்லது. வயதானவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் தங்குமிடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆரூர் ஆதிரைத் திருநாள் அப்பர் காலத்திலேயே புகழ்பெற்றது. புகலூரில் சந்தித்தபோது சம்பந்தர் அதைப் பற்றிக் கேட்க, ‘முத்து விதானம்’ என்று தொடங்கும் பதிகத்தால் அப்பர் விடை சொன்னார். ஆதிரைக்குப் புறப்படுவதற்கு முன் அந்தப் பதிகத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஆழித்தேர் பங்குனிப் பெருவிழாவில் ஓடும். ஆயில்ய நட்சத்திரத்தில் ஓடுவது பழைய மரபு. அலங்கரித்த தேரின் உயரம் 96 அடி, எடை ஏறக்குறைய 300 டன். 1920-களில் தீயில் எரிந்த தேரை மறுபடி செய்து 1930-ல் ஓட்டினார்கள். 1948-க்குப் பிறகு நின்றுபோன தேரோட்டம் 1970-ல் மீண்டும் தொடங்கியது. இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்தின் கைவண்ணம். என்றாலும் வீதி முனையில் தேரைத் திருப்புவது இன்றும் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கையில்தான். ஓடும் சக்கரத்துக்கு அருகே குனிந்து கட்டையைச் செருகும் அந்த மனிதர்களும் தொண்டர்களே. தேவாசிரிய மண்டபத்து வரிசையில் அவர்களுக்கும் இடமுண்டு என்றே நினைக்கிறேன்.

வடம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் காலையிலேயே வர வேண்டும். வடத்தின் வெளிப்பக்கம் நில்லுங்கள். தேருக்கு வெகு அருகில் போகாதீர்கள். ‘ஆரூரா, தியாகேசா’ என்ற குரல் எழும்போது எல்லோரோடும் சேர்ந்து இழுங்கள். தேர் நின்றவுடன் வடத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

11. மறுநாள்: ஊருக்குள் ஒன்று, ஊருக்கு வெளியே ஆறு

காலையில் கீழவீதியில் இருக்கும் பரவையுண்மண்டளிக்குப் போங்கள். தூவாய்நாதர் கோயில். பார்வை இழந்து, காஞ்சியில் இடக்கண் பெற்ற சுந்தரர் வலக்கண் பெற்றதாகச் சொல்லும் இடம் இது. ‘மீளா அடிமை’ என்று தொடங்கி, அடியார் அல்லல் சொன்னாலும் கேட்காமல் இருக்கிறீர், ‘வாழ்ந்து போதீரே’ என்று இறைவனையே கோபித்துப் பாடிய பதிகம். மனக்கசப்போடு வருகிறவர்கள் அதை உரத்துப் படிக்கலாம். ஆரூர்ப் பெருமான் கோபத்தையும் பாட்டாக ஏற்றுக்கொள்கிறவர். நேரம் இருந்தால் அருகே விளமலில் பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் பாத தரிசனம் கண்ட கோயிலையும் பார்த்துவிடுங்கள்.

மற்ற ஆறு விடங்கத் தலங்களுக்கு வாடகைக் கார் எடுத்தால் தெற்கே திருத்துறைப்பூண்டிச் சாலையில் தொடங்குங்கள். முதலில் திருக்காறாயில், குக்குட நடனம். அடுத்து திருக்கோளிலி என்ற திருக்குவளை, பிருங்க நடனம். குண்டையூரில் கிடைத்த நெல்மலையை ஆரூருக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று சுந்தரர் பாடிக் கேட்டது இங்கேதான். அன்றிரவே பூதங்கள் நெல்லைக் கொண்டுவந்து ஆரூர் வீதியெல்லாம் குவித்துவிட்டன. அவரவர் வாசலில் கிடக்கும் நெல் அவரவருக்கே என்று பரவையார் பறை அறைவித்தார். பிறகு திருவாய்மூர், கமல நடனம். அங்கிருந்து வேதாரண்யமாகிய திருமறைக்காடு, ஹம்சபாத நடனம். வேதங்கள் அடைத்த கதவை அப்பர் பாடித் திறக்க, சம்பந்தர் பாடி மூடிய கோயில்.

நண்பகலில் எல்லாக் கோயில்களிலும் நடை சாத்திவிடுவார்கள். எனவே வேதாரண்யத்தில் சாப்பிட்டு, கடற்கரைப் பக்கமாக வடக்கே திரும்பி, மாலை நடை திறக்கும்போது நாகப்பட்டினத்தில் இருக்கும் நாகைக் காரோணத்தை அடையுங்கள். அலைபோல் ஆடும் பாராவார தரங்க நடனம் அங்கே. கடைசியாகத் திருநள்ளாறு, உன்மத்த நடனம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் சனீஸ்வரருக்கு எள் விளக்கு ஏற்றிவிட்டு நேரே பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் தர்ப்பாரண்யேஸ்வரரை வணங்கி, தியாகர் சன்னதி எங்கே என்று கேட்டு, அங்கேயும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் புறப்படுங்கள்.